பெண் பார்க்கப் போன இடத்தில் 10 நிமிடம்... என்ன பேசுவது? சேவூர் தறி வீட்டு வாலிபர்களுக்கு சில யோசனைகள்

ஆரணி,

கேசரி வந்தாச்சு. காபி வந்தாச்சு. பெண் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போயாச்சு. பெரியவர்கள் ஜாதகம், சொந்தபந்தம் எல்லாம் பேசி முடித்தாச்சு.

அப்போது பெண்ணின் தாய்மாமன் மெதுவாக ஒரு வார்த்தை சொல்வார். "காலம் மாறிப்போச்சு. புள்ளைங்க ரெண்டு பேரும் மாடிக்கு போய் கொஞ்சம் தனியா பேசிட்டு வரட்டுமே...".

அங்கேதான் மாப்பிள்ளைக்கு வேர்க்க ஆரம்பிக்கும்.

மொட்டை மாடியில் அவர் கொடிக்கம்பியை பார்ப்பார். அந்த பெண் தரையை பார்ப்பார். "பேரு என்ன?" என்று ஒரு கேள்வி வரும். பேர்தான் ஏற்கனவே ஜாதகத்தில் இருக்கே! அடுத்து "சாப்டீங்களா?". அதற்கு மேல் வார்த்தை வராது. கீழே இருந்து "என்னப்பா, பேசியாச்சா?" என்று குரல் கேட்கும். இறங்கி வந்து "பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிடுவார்.

40, 50 வருஷம் சேர்ந்து வாழப்போகிறவர்கள் கல்யாணத்துக்கு முன்பு பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

தறிக்குழியில் கழியும் இளமை

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியை அடுத்த சேவூர், பட்டு நெசவுக்கு பெயர் போன ஊர். புவிசார் குறியீடு பெற்ற ஆரணி பட்டு, இதுபோன்ற ஊர்களில் வீட்டுக்கூடத்தில் போட்ட தறிகளில்தான் உருவாகிறது. யார் யாரோ முகூர்த்தத்துக்கு கட்டுகிற சேலையை நெய்கிற வாலிபருக்கு, தன் முகூர்த்தத்துக்கு பெண் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. "தறிக்காரனுக்கு பெண் தர யோசிக்கிறாங்க" என்பது நெசவு ஊர்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பெனி வேலைக்கு போகிறவர் நாலு பேரிடம் பேசிப் பழகுவார். வீட்டுத்தறியில் உட்காருகிறவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. காலையில் குழியில் கால் வைத்தால் பொழுது சாய்கிற வரை நாடாவும் மிதியும்தான் துணை. பேச்சுத்துணை என்றால் அப்பா, அம்மா, எதிர்த்தறி அண்ணன். வெளியே போவது சொசைட்டிக்கோ, முதலாளி கடைக்கோ சேலையை கொடுத்து கூலி வாங்கத்தான்.

இப்படி வளர்ந்தவரை திடீரென்று ஒரு பெண் எதிரில் நிறுத்தி, "10 நிமிஷம் பேசு" என்றால் என்ன பேசுவார்?

பயப்பட வேண்டாம். இது பிறவியிலேயே வருகிற கலை இல்லை. தறி மாதிரிதான். பழகினால் வரும்.

'டயலாக்' வேண்டாம், கேள்வி போதும்

முதல் விஷயம், சினிமா டயலாக் எதுவும் மனப்பாடம் பண்ணாதீர்கள்.

அமெரிக்காவில் 1989-ம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வில், அறிமுகம் இல்லாத பெண்களிடம் ஆண்கள் பேச்சை தொடங்கும் விதத்தை சோதித்து பார்த்தார்கள். சாமர்த்தியமாக, கிண்டலாக ஆரம்பித்தவர்களுக்கு வரவேற்பு குறைவு. சாதாரணமாக வணக்கம் சொல்லி ஆரம்பித்தவர்களும், "உங்க கிட்ட பேச எனக்கு கூச்சமா இருக்கு" என்கிற மாதிரி உள்ளதை உள்ளபடி சொன்னவர்களும்தான் ஜெயித்தார்கள்.

ஆக, மாடியில் நாக்கு ஒட்டிக்கொண்டால், அதையே சொல்லிவிடலாம். "எனக்கு கொஞ்சம் பதற்றமா இருக்குங்க. உங்களுக்கும் அப்படித்தானே இருக்கும்?" இந்த ஒரு வரியிலேயே பாதி இறுக்கம் போய்விடும்.

இரண்டாவது, கேள்வி கேளுங்கள். கேட்டதோடு விடாமல், வருகிற பதிலில் இருந்து அடுத்த கேள்வியை எடுங்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. சில நிமிடங்கள் மட்டும் சந்தித்து பேசிய ஆண், பெண்களில், எதிராளி சொன்ன பதிலையே தொடர்ந்து கேள்வி கேட்டவர்களைத்தான் மறுபடி சந்திக்க பலரும் விரும்பினார்கள்.

காரணம் ரொம்ப சிம்பிள். அப்படி கேட்கிறவர், சொன்னதை காது கொடுத்து கேட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

உதாரணத்துக்கு, பெண் செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனிக்கு போகிறவர் என்று வைத்துக்கொள்வோம்.

"வேலைக்கு போறீங்களா?" என்றால் "ஆமாங்க" என்று பதில் வரும். பேச்சு அங்கேயே முடிந்தது.

"காலையில கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டு பாருங்கள். "விடியறதுக்குள்ள வந்துடும்" என்பார். "அப்போ நீங்க எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்? சமைச்சு வெச்சிட்டு கிளம்புவீங்களா, இல்ல அம்மா பார்த்துப்பாங்களா?" என்று அடுத்ததை கேளுங்கள். இரண்டே கேள்வியில் அந்த பெண்ணின் ஒரு நாள் பொழுது உங்களுக்கு தெரிந்துவிடும். நம்ம மேலே அக்கறையா கேட்கிறாரே என்று அவருக்கும் தோன்றும்.

அதற்காக போலீஸ் விசாரணை மாதிரி அடுக்கிக்கொண்டே போகக்கூடாது. ரெண்டு கேள்வி கேட்டால், உங்களை பற்றி ஒரு விஷயம் சொல்லுங்கள். "நீ, வா, போ" கூடவே கூடாது. சொந்த முறைப்பெண்ணாக இருந்து, சின்ன வயதில் "ஏய்" என்று கூப்பிட்டு விளையாடியவராக இருந்தாலும் சரி, அன்றைக்கு மரியாதையாக கேட்பதுதான் அழகு. மாமன் மகள்தானே, அவளுக்கு என்ன கேட்பது என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். முறை இருக்கலாம். அவர் மனசு என்ன என்பது கேட்டால்தானே தெரியும்?

'சொதப்பிட்டேன்' என்று நினைக்காதீர்கள்

கீழே இறங்கும்போது பல பேருக்கு ஒரு எண்ணம் வரும். "உளறிட்டோம். நம்மள பிடிச்சிருக்காது" என்று.

அறிமுகம் இல்லாத இருவர் பேசி முடித்த பிறகு, எதிராளிக்கு தன்னை எவ்வளவு பிடித்தது என்று கேட்டால், பெரும்பாலானோர் உண்மையைவிட குறைவாகத்தான் கணக்கு போடுகிறார்கள். 2018-ல் வெளிவந்த ஆராய்ச்சி முடிவு இது. நாம் நினைக்கிறதைவிட நம்மை அவர்களுக்கு கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருக்கும்.

தறி என்பதை மறைக்காதீர்கள்

பெண் கிடைக்காத பயத்தில் சில வீடுகளில் ஒரு வேலை செய்வார்கள். "பையன் பட்டு பிசினஸ்" என்று புரோக்கரிடம் சொல்லிவிடுவார்கள். கல்யாணம் முடிந்து வந்தால்தான் தெரியும், பிசினஸ் என்பது கூடத்தில் இருக்கிற ஒரே ஒரு குழித்தறி என்று.

அந்த 10 நிமிடத்தில் மாப்பிள்ளை தன் வாயால் சொல்லவேண்டியது இதுதான்.

"நான் தறி நெய்யறேங்க. மாசத்துக்கு இத்தனை சேலை அறுப்பேன். கூலி இவ்வளவு வரும். மழைக்காலத்துல தறிக்குழியில தண்ணி ஊறிச்சுன்னா வேலை நின்னுடும். முதலாளிகிட்ட முன்பணம் இவ்வளவு வாங்கி இருக்கோம்."

கேட்க கஷ்டமாக இருக்கும். ஆனால் கல்யாணத்துக்கு பிறகு தெரிவதைவிட முன்பு தெரிவது மேல். இன்னொன்றையும் சேர்த்து சொல்லவேண்டும். வீட்டுக்கு வருகிற மருமகள் தார் சுத்தணுமா, தறியில் உட்காரணுமா, இப்போது போகிற வேலைக்கு தொடர்ந்து போகலாமா என்பதை.

இது சின்ன விஷயம் இல்லை. 2019-20 கைத்தறி கணக்கெடுப்புப்படி நாடு முழுவதும் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கைத்தறி நெசவிலும் அது சார்ந்த வேலைகளிலும் இருக்கிறார்கள். அவர்களில் 10-ல் 7 பேர் பெண்கள். ஆனால் பெண் பார்க்கும்போது மட்டும் "எங்க வீட்ல பொண்ணுக்கு ஒரு வேலையும் இருக்காது" என்பார்கள்.

பொய் சொல்லி கட்டினால் சட்டமும் சும்மா விடாது. 1955-ம் ஆண்டு இந்து திருமண சட்டத்தின் 12-வது பிரிவில், மாப்பிள்ளை அல்லது பெண் பற்றிய முக்கியமான விஷயத்தில் ஏமாற்றியோ, பலவந்தப்படுத்தியோ சம்மதம் வாங்கி இருந்தால், அந்த திருமணத்தை ரத்து செய்யச்சொல்லி கோர்ட்டுக்கு போக வழி இருக்கிறது. ஏமாற்றியது தெரிந்த, அல்லது பலவந்தம் விலகிய ஒரு வருடத்துக்குள் மனு போடவேண்டும்.

கேட்க மறக்கக்கூடாத ஒரே கேள்வி

மேலே சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கேள்வியை மட்டும் மறக்காதீர்கள்.

"உங்களுக்கு இந்த கல்யாணத்துல சம்மதமாங்க? வீட்ல கட்டாயப்படுத்துறாங்களா?"

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்கிறோம் என்றால், பல பெண்களுக்கு மனசில் இருப்பதை சொல்ல கிடைக்கிற ஒரே இடம் அந்த மொட்டை மாடிதான். கூடத்தில் அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது "வேண்டாம்" என்று சொல்ல எந்த பெண்ணுக்கு தைரியம் வரும்? படிப்பு பாதியில் இருக்கலாம். மனசில் வேறு ஒருவர் இருக்கலாம். இப்போதைக்கு கல்யாணமே வேண்டாம் என்று இருக்கலாம்.

அப்படி அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

கோபப்படக்கூடாது. காரணத்தை துருவக்கூடாது. கீழே போய் "பொண்ணு வேற யாரையோ விரும்புதாம்" என்று போட்டுக்கொடுக்கக்கூடாது. அது அந்த பெண்ணின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். "சரிங்க, எனக்கு ஜாதகத்துல திருப்தி இல்லன்னு எங்க வீட்ல நான் சொல்லி நிறுத்திடுறேன். நீங்க பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வருகிறவர்தான் உண்மையான ஆம்பளை. பழியை அவர் ஏற்றுக்கொண்டால் அவருக்கு ஒன்றும் குறையாது. அந்த பெண்ணுக்கு ஒரு வாழ்க்கையே மிஞ்சும்.

பெண்ணுக்கு 18 வயதும், ஆணுக்கு 21 வயதும் நிரம்பாமல் கல்யாணம் செய்து வைத்தால், 2006-ம் ஆண்டு குழந்தை திருமண தடை சட்டப்படி அது குற்றம். அப்படி தெரியவந்தால் 1098-க்கு போன் செய்யலாம்.

பெண்களும் கேட்கலாம்

கேள்வி கேட்பது மாப்பிள்ளைக்கு மட்டும் எழுதி வைத்தது இல்லை. பெண்களும் தயங்காமல் கேட்கலாம். குடிப்பழக்கம் உண்டா? கல்யாணத்துக்கு பிறகு வேலைக்கு, படிப்புக்கு அனுப்புவீர்களா? என் சம்பளம் யார் கையில் இருக்கும்? என் அம்மா, அப்பாவுக்கு நான் பணம் கொடுத்தால் உங்களுக்கு சரியா? வரதட்சணை என்று உங்கள் வீட்டில் ஏதாவது கேட்டார்களா?

வரதட்சணை கேட்பதும், கொடுப்பதும், வாங்குவதும் 1961-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். அதை மாடியிலேயே கேட்டுவிட்டால் பின்னாடி கண்ணீர் மிச்சம்.

பதிலைவிட, கேள்வி கேட்டபோது அவர் முகம் போன விதத்தை கவனியுங்கள். பொறுமையாக பதில் சொன்னால் நல்லது. "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று முறைத்தால், நாளைக்கும் அதேதான்.

பஸ் ஸ்டாண்டு காதல்... எல்லை எங்கே?

இது வரை பெரியவர்கள் ஏற்பாடு செய்கிற பேச்சு. ஏற்பாடு இல்லாமல் தானாக பேச நினைப்பவர்களும் உண்டு. ஆரணி போகிற பஸ்சிலோ, கோவில் திருவிழாவிலோ, கூட வேலை பார்க்கிற இடத்திலோ ஒரு பெண்ணை பிடித்துப்போகிறது. எப்படி பேசுவது?

அங்கேயும் முறை அதேதான். முன்பின் பழக்கம் இருந்து, நாலு பேர் நடமாடுகிற இடத்தில், பகல் வெளிச்சத்தில், வழியை மறிக்காமல், சாதாரணமாக பேசவேண்டும். அவர் சிரித்து பதில் சொல்லி, திருப்பி ஒரு கேள்வி கேட்டால் பேச்சு வளரும். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு செல்போனை பார்த்தால், "வேண்டாம்" என்று அர்த்தம்.

இந்த சாடையை படிப்பதற்கு வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். காமத்துப்பாலில் 110-வது அதிகாரம், 'குறிப்பறிதல்'. இதே பெயரில் பொருட்பாலிலும் 71-வது அதிகாரம் உண்டு. எதிராளி முகத்தை பார்த்து மனசை புரிந்துகொள்வது காதலுக்கும் வேண்டும், நாட்டு நிர்வாகத்துக்கும் வேண்டும் என்று இரண்டு இடத்தில் வைத்தார் போலும்.

ஆனால் நம்ம ஊர் வாலிபர்களில் பலருக்கு பாடம் நடத்தியது சினிமா. "வேண்டாம்னு சொன்னா வேணும்னு அர்த்தம். விடாம பின்னாடி போனா ஒருநாள் மசிவா" என்று எத்தனையோ படங்களில் காட்டிவிட்டார்கள். ஒருதலைக்காதலுக்கு தொல்காப்பியத்தில் 'கைக்கிளை' என்று பெயர். அன்பின் ஐந்திணையில் அதற்கு இடம் இல்லை. இருவர் மனமும் ஒத்தால்தான் அது காதல் என்று அன்றைக்கே பிரித்து வைத்துவிட்டார்கள்.

1998-ம் ஆண்டு சென்னையில் வாலிபர்கள் கேலி செய்து அத்துமீறியதில் கல்லூரி மாணவி ஒருவர் உயிரை இழந்தார். தமிழ்நாடே கொதித்தது. அதே ஆண்டில்தான் ஈவ்-டீசிங் தடை சட்டம் வந்தது. அந்த சட்டத்தின் தண்டனையை இன்னும் கடுமையாக்க 2025 ஜனவரியில் சட்டசபையில் திருத்தம் நிறைவேறியது.

அது மட்டும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவை ஒவ்வொரு வாலிபரும் தெரிந்து வைத்திருக்கவேண்டும். ஒரு பெண் விருப்பம் இல்லை என்று தெளிவாக காட்டிய பிறகும் பின்தொடர்ந்தாலோ, திரும்ப திரும்ப பேச முயன்றாலோ, இணையத்தில் அவர் செய்வதை கண்காணித்தாலோ முதல் முறை 3 ஆண்டு வரை ஜெயில். மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை.

பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் 'அவளும் விரும்பினாள்' என்ற பேச்சே எடுபடாது. உறவு எல்லை மீறினால் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் பாயும். பிளஸ்-2 மாணவியிடம் காதல் பேசி எதிர்காலத்தை தொலைத்துவிடாதீர்கள்.

ஆக, கணக்கு இதுதான். ஒரு முறை கேட்கலாம். "இல்லை" என்றால் "சரிங்க, மன்னிச்சிடுங்க" என்று விலகிவிடவேண்டும். கையை அறுத்துக்கொள்வேன், மருந்து குடிப்பேன் என்பது காதல் இல்லை, மிரட்டல்.

செல்போனில் 'ஹாய்'... 'ஹாய்'... 'ஹாய்'

இப்போது பாதி பேச்சு செல்போனில்தான் நடக்கிறது. ஜாதகம் கைமாறும்போதே நம்பரும் கைமாறிவிடுகிறது.

நம்பர் யார் கொடுத்தார்கள் என்பதை முதல் மெசேஜிலேயே சொல்லிவிடுங்கள். "வணக்கம். உங்க சித்தப்பா நம்பர் கொடுத்தாங்க. உங்களுக்கு வசதியான நேரத்துல பேசலாமா?" இது போதும். பதில் வரவில்லை என்றால் 20 முறை 'ஹாய்' அனுப்பக்கூடாது. நிச்சயம் ஆவதற்கு முன்பே போட்டோ கேட்டு நச்சரிப்பது, நடுராத்திரி வீடியோ கால் போடுவது எல்லாம் சம்பந்தத்தையே கெடுத்துவிடும்.

நேரில் பார்க்காத ஒருவர் ஆன்லைனில் அன்பாக பேசி, அவசரம் என்று பணம் கேட்டால் ஆணோ, பெண்ணோ உஷாராகிவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-ல் புகார் செய்யலாம்.

பெரியவர்களே... கதவை விட்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்

கடைசியாக பெற்றோருக்கு ஒரு வார்த்தை.

10 நிமிடத்தை அரை மணி நேரமாக ஆக்குங்கள். ஒரு தடவை போதாது என்றால் இன்னொரு தடவை கோவிலில் சந்திக்க விடுங்கள். படிக்கட்டில் காதை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பேசிவிட்டு வந்த பெண்ணை எல்லாருக்கும் எதிரில் நிறுத்தி "என்னம்மா, சரிதானே?" என்று கேட்காதீர்கள். தனியாக, அம்மாவோ அக்காவோ கேளுங்கள். "வேண்டாம்" என்று சொன்னாலும் திட்டமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு கேளுங்கள்.

பிள்ளைகள் தாங்களாகவே, வேறு சாதியிலேயே துணையை தேடிக்கொண்டாலும் சட்டம் அவர்கள் பக்கம்தான். வயது வந்த இருவர் மனம் ஒத்து திருமணம் செய்ய குடும்பத்தின் சம்மதமோ, சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ம் ஆண்டு தீர்ப்பு அளித்திருக்கிறது. கட்டாய கல்யாணம், மிரட்டல் என்று தவிக்கும் பெண்கள் எந்த நேரமும் 181-க்கு போன் செய்யலாம்.

தறியில் ஒரு இழை அறுந்தாலும் நெசவாளி நாடாவை நிறுத்திவிடுவார். முடிச்சு போட்டு சரிசெய்த பிறகுதான் மறுபடி மிதிப்பார். "போகட்டும், ஒரு இழைதானே" என்று விட்டால் சேலை முழுக்க கோடு விழும் என்று அவருக்கு தெரியும்.

ஒரு சேலைக்கே அவ்வளவு நிதானம் என்றால், ஒரு வாழ்க்கைக்கு 10 நிமிடம் நின்று, "உங்களுக்கு சம்மதமா?" என்று கேட்க மாட்டோமா என்ன?

என்ன மாப்பிள்ளைகளே, அடுத்த முகூர்த்தத்துக்கு ரெடியா?